சாவின் நடனமும் மரக்கட்டை அச்சும்: சில குறிப்புகள்

1499இல் பிரான்சின் லியோன் நகரில் மாத்தியாஸ் ஹுஸ் என்பவர் அச்சிட்ட ஒரு புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. இடது பக்கம் எழுத்துக் கோப்பவர் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் அச்சு இயந்திரமும் அதை இயக்குபவர்களும். வலது பக்கம் புத்தகக் கடை, அதில் கடைக்காரர். இந்த மூன்று இடத்திலும் ஆளைப் பிடித்து இழுக்க ஒரு பிணம் வந்து நிற்கிறது.

அச்சு இயந்திரம் எப்படி இருந்தது என்று காட்டும் படங்களில் இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழையது இதுதான். அதனால் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் இதை அடிக்கடி எடுத்துப் போடுவார்கள். பிணங்களைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நேராக இயந்திரத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஆர்வம் வந்தது அந்தப் பிணங்கள் மேல்தான். அச்சகத்துக்குள் அவற்றுக்கு என்ன வேலை? பதில் கொஞ்சம் விசித்திரமானது. அவை ஆடுகின்றன. ஆட வரச்சொல்லி அச்சகத் தொழிலாளர்களையும் கூப்பிடுகின்றன.

இந்த வகைப் படங்களுக்கு பிரெஞ்சில் 'தான்ஸ் மகாப்ர்' என்று பெயர். ஜெர்மனில் 'டோட்டன்டான்ஸ்'. தமிழில் 'சாவின் நடனம்' என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் இது பெரிய மோகமாக இருந்தது. முதலில் கல்லறைச் சுவர்களில் வண்ண ஓவியமாக வந்தது, பிறகு மரச்செதுக்கு அச்சாகக் கறுப்பு வெள்ளையில் புத்தகத்துக்குள் போனது. அப்படிப் போனதில் நடனத்துக்கு என்ன ஆயிற்று, அது சொல்லவந்த விஷயத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாரிஸ் சுவர்

பெயர் பழையது. 1376இல் எழுதப்பட்ட ஒரு பிரெஞ்சுக் கவிதையிலேயே 'மகாப்ர்' நடனம் என்ற தொடர் வருகிறது. ஓவியமாக நமக்குத் தெரிந்த முதல் பெரிய உதாரணம் பாரிசில் இருந்த 'புனித மாசற்ற குழந்தைகள்' கல்லறைத் தோட்டத்தின் சுவர். 1424 ஆகஸ்டில் வரைய ஆரம்பித்து 1425 தவக்காலத்தில் முடித்தார்கள்.

கல்லறை என்றவுடன் ஊருக்கு வெளியே அமைதியான ஓர் இடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். இது நகரத்தின் பெரிய சந்தைக்குப் பக்கத்திலேயே இருந்தது. குழிகள் நிறைந்துவிட்டால் பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, சுற்றியிருந்த மண்டபங்களின் மேல்தளத்தில் அடுக்கி வைப்பார்கள். கீழே அதே மண்டபத்தில் கடை போட்டு வியாபாரம் நடக்கும், கூலிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேல் மண்டை ஓடுகள், கீழே பேரம். அந்த மண்டபச் சுவரில்தான் நடனம்.

இந்தக் கலை மோகத்துக்குக் காரணம் கொள்ளைநோய் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. 'கறுப்புச் சாவு' என்ற பெரும் ப்ளேக் பாரிசுக்கு வந்தது 1348இல். சுவர் வரையப்பட்டது 76 வருடம் கழித்து. நடுவில் ப்ளேக் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 1424இல் பாரிஸ்காரர்களுக்கு வேறு கவலைகளும் இருந்தன. இங்கிலாந்தோடு நூற்றாண்டுப் போர். 1422இல் பிரெஞ்சு அரசர் ஆறாம் சார்ல்ஸ் இறந்துபோனார். பாரிஸ் ஆங்கிலேயர் கையில். ஒரு வயதுகூட ஆகாத இங்கிலாந்துக் குழந்தை ஆறாம் ஹென்றியை பிரான்சுக்கும் ராஜா என்றார்கள். சார்ல்சின் மகன் தெற்கே உட்கார்ந்துகொண்டு நான்தான் ராஜா என்றார். சுவரில் வரிசையின் முடிவில் கிரீடம் கழன்று, புழு அரிக்க, ஒரு ராஜா செத்துக் கிடக்கிறார். அன்றைய பாரிசில் அதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் தத்துவமாக இருந்திருக்காது.

சுவரில் இருந்தது ஒரு நீண்ட சங்கிலி. உயிருள்ள ஓர் ஆள், ஒரு பிணம், மறுபடி ஓர் ஆள், ஒரு பிணம் என்று கைகோத்துப் போகும் வரிசை. உயிருள்ளவர்கள் 30 பேர். முதலில் போப், அடுத்து பேரரசர், பிறகு கர்தினால், அரசர் என்று ஒரு மதத்துறை ஆள், ஒரு உலகியல் ஆள் மாறி மாறி வருவார்கள். கடைசிப் பக்கம் உழவர், துறவி, கைக்குழந்தை. பெண்கள் ஒருவர்கூட இல்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நமக்கு எமன் என்றால் ஒரே ஆள். அவருக்கு ஒரு பதவி, வாகனம், கயிறு எல்லாம் உண்டு. பாரிஸ் சுவரில் அப்படி ஒரு தேவதை இல்லை. கூடவே வந்த செய்யுள்களில் பிணத்தைச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'செத்தவன்' என்றுதான் அர்த்தம், 'மரணம்' என்று இல்லை. அதாவது போப்பின் கையைப் பிடித்திருப்பது வேறு யாரோ அல்ல, நாளைய போப்பேதான். ஒவ்வொருவரும் தன் பிணத்தோடுதான் ஜோடி சேர்ந்து ஆடுகிறார்.

இரண்டாவது, சாவின் முன்னால் எல்லோரும் சமம் என்பதுதான் இந்தச் சுவரின் செய்தி என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. சரி. ஆனால் வரிசையைப் பாருங்கள். போப் முதலில், உழவர் கடைசிப் பக்கத்தில். சமத்துவத்தைச் சொல்லும் படம்கூடப் பதவி வரிசைப்படிதான் நிற்கிறது! இந்த முரண்பாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஹோல்பைன் வரும்போது தேவைப்படும்.

சுவர் போச்சு, காகிதம் இருக்கு

1669இல் சாலையை அகலப்படுத்துவதற்காக பாரிஸ் சுவரை இடித்துவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம் கியோ மர்ஷான் என்ற பாரிஸ் அச்சகக்காரர். 1485இல் அவர் அந்த நடனத்தையும் செய்யுள்களையும் மரச்செதுக்குப் படங்களோடு புத்தகமாகப் போட்டார். அந்த முதல் பதிப்பில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி, கிரெனோபிள் நகர நூலகத்தில். புத்தகம் நன்றாக விற்றிருக்க வேண்டும். அடுத்த வருடமே படங்களைக் கூட்டி மறுபதிப்பு போட்டார், அதில் வாத்தியம் வாசிக்கும் நான்கு பிணங்கள் புதிதாகச் சேர்ந்தன. கூடவே பெண்களுக்கென்று தனியாக ஒரு சாவின் நடனமும் வெளியிட்டார்.

மர்ஷானின் படங்களை 1424 சுவரின் போட்டோ மாதிரி எடுத்துக்கொள்ள முடியாது. உடைகளும் காலணிகளும் 1480களின் பாணிக்கு மாறியிருக்கின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆள்களின் வரிசையையும் அவர்கள் சொல்லும் செய்யுள்களையும் இன்றைக்கு நம் கையில் கொண்டுவந்து சேர்த்தது இந்த மாதிரிப் புத்தகங்கள்தான்.

மரச்செதுக்கு அச்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதிக் கதை சுலபமாகப் புரியும். ரப்பர் ஸ்டாம்ப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். வழவழப்பாக இழைத்த பலகையில் படத்தைத் தலைகீழாக, அதாவது இடம் வலம் மாற்றி, வரைவார்கள். பிறகு கோடு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடத்தையெல்லாம் கத்தியால் குடைந்து எடுப்பார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மை ஒட்டும், அது காகிதத்தில் கறுப்பாக விழும். குடைந்த இடம் வெள்ளை. ஒரு மெல்லிய கறுப்புக் கோடு வேண்டுமென்றால், அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். கத்தி கொஞ்சம் நழுவினால் கோடு உடைந்துவிடும். நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்றே கிடையாது. ஒன்று அல்லது பூஜ்யம், அவ்வளவுதான். நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கிப் போட்டுக் கண்ணை ஏமாற்ற வேண்டும்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு? செப்புத் தகட்டில் இன்னும் நுணுக்கமாகப் பண்ணலாமே? பண்ணலாம்தான். ஆனால் செப்புத் தகட்டில் மை பள்ளத்தில் இருக்கும், அதை எடுக்க வேறு வகை அழுத்து இயந்திரம் வேண்டும். மரக்கட்டையிலோ ஈய எழுத்தைப் போலவே மேட்டில் மை. கட்டையை எழுத்தின் உயரத்துக்குச் சரியாகச் செய்துவிட்டால் படத்தையும் செய்யுளையும் ஒரே சட்டத்தில் வைத்து ஒரே அழுத்தில் அடித்துவிடலாம். படமும் பேச்சும் சேர்ந்து வந்தால்தான் அர்த்தம் என்கிற சாவின் நடனத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் அன்றைக்கு இல்லை.

அசையாத படத்தில் ஆட்டம்

சுவர் நீளமானது. பாசல் நகரில் டொமினிக்கன் துறவிகளின் கல்லறைச் சுவரில் 1440 வாக்கில் வரைந்தது ஏறக்குறைய 60 மீட்டர் இருந்தது. அதைப் பார்க்கிறவர் நடந்துகொண்டே பார்க்க வேண்டும். வரிசையோடு சேர்ந்து அவரும் நகர்வார். ஒருவிதத்தில் பார்க்கிறவரும் ஊர்வலத்தில் ஓர் ஆள். புத்தகத்தில் இது முடியாது. மர்ஷான் வரிசையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு படத்துக்கு இரண்டு ஜோடி என்று வளைவுகளுக்குக் கீழே நிறுத்தினார். நடையின் இடத்தைப் பக்கம் புரட்டுவது எடுத்துக்கொண்டது.

வண்ணம் இல்லாமல், நகர்ச்சி இல்லாமல் ஆட்டத்தை எப்படிக் காட்டுவது? மர்ஷானின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தந்திரம் தெரிகிறது. பிணங்களின் முழங்கால் மடங்கியிருக்கிறது, ஒரு பாதம் தரையிலிருந்து எழும்புகிறது, இடுப்பு ஒரு பக்கம் திரும்ப தலை மறுபக்கம் திரும்புகிறது. உயிரோடிருப்பவர்களோ கம்பம் மாதிரி நிற்கிறார்கள். அவர்களின் அங்கி கனமான நேர்கோடுகளாகத் தரைவரை தொங்குகிறது. செத்தவன் ஆடுகிறான், உயிருள்ளவன் விறைத்துப்போய் நிற்கிறான். இந்தப் படங்களில் உயிர் முழுக்கப் பிணங்களிடம்தான் இருக்கிறது.

ஜெர்மன் பக்கம் இன்னும் உற்சாகமாகப் பண்ணியிருக்கிறார்கள். 1480களின் பிற்பகுதியில் ஹைன்ரிஷ் க்னோப்லோட்சர் அச்சிட்ட புத்தகத்தில் பிணங்கள் விதவிதமான வாத்தியங்களோடு வருகின்றன. 1493இல் வந்த பிரபலமான நூரம்பர்க் வரலாற்று நூலில் மிஷாயல் வோல்கெமுட்டின் பட்டறையில் செய்த ஒரு படம் உண்டு. ஒரு பிணம் குழல் ஊதுகிறது, எலும்புக்கூடுகள் கால் தூக்கி ஆடுகின்றன, கீழே குழியிலிருந்து இன்னொன்று சத்தம் கேட்டு எழுந்துகொள்கிறது. இதில் உயிருள்ளவர்களே இல்லை. பார்க்கிற நாம் மட்டும்தான் மிச்சம்.

இதை நிஜமாகவே யாராவது ஆடினார்களா என்ற கேள்வி எழுவது இயல்பு. நடித்திருக்கிறார்கள். 1449இல் ப்ரூஜ் நகரில் பர்கண்டிக் கோமகன் ஃபிலிப்பின் முன்னால் சாவின் நடனம் ஒன்று நடிக்கப்பட்டதாகக் கணக்குப் பதிவு இருக்கிறது. சங்கிலியாகக் கைகோத்து ஆடும் நடனங்களும் அந்தக் கால ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் உண்டு. பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு பழக்கமானதுதான். கல்யாணத்தில் ஆடும் அதே வரிசையைக் கல்லறைக்குக் கொண்டுபோனதில்தான் அதிர்ச்சி.

ஹோல்பைன் நடனத்தை எடுத்துவிடுகிறார்

இனி ஹான்ஸ் ஹோல்பைன். 1497 அல்லது 1498இல் ஆக்ஸ்பர்க்கில் பிறந்து, இளைஞராக பாசலுக்கு வந்து வேலை பார்த்தவர். பின்னால் இங்கிலாந்து போய் எட்டாம் ஹென்றியின் ஓவியராகப் புகழடைந்தார். பாசலில் இருந்த நாட்களில் அந்த 60 மீட்டர் சுவரை அவர் அடிக்கடி பார்த்திருக்க வேண்டும், அது ஊருக்குள்ளேயேதான் இருந்தது. 1520களின் நடுவில் சாவின் நடனத்துக்காக ஒரு வரிசைப் படம் வரைந்தார். அவை லியோனில் த்ரெக்செல் சகோதரர்களின் வெளியீடாக 1538இல் புத்தகமாக வந்தபோது 41 படங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் ஆறரை சென்டிமீட்டர் உயரம், ஐந்து சென்டிமீட்டர் அகலம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

இந்தப் படங்களில் சங்கிலி இல்லை. கைகோத்தல் இல்லை. சொல்லப்போனால் யாருமே ஆடவில்லை. ஒவ்வொருவரும் தனியாக, தன் வீட்டில், தன் வேலையில் இருக்கிறார்கள். சாவு அங்கே வருகிறது.

ஹோல்பைனுக்கு நடனம் வரையத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பாசலில் 'நடன வீடு' என்று அழைக்கப்பட்ட ஒரு வீட்டின் முகப்புக்கு அவர் போட்ட வடிவத்தில் குடியானவர்கள் குதித்து ஆடும் ஒரு பட்டை இருந்தது. வீடு போய்விட்டது, வரைபடங்களின் வழியாக அது தெரியும். ஆட்டத்தை இவ்வளவு நன்றாக வரையத் தெரிந்த ஆள், 'நடனம்' என்ற பெயருள்ள வரிசையிலிருந்து ஆட்டத்தை நீக்குகிறார் என்றால் அது யோசித்து எடுத்த முடிவு.

நீக்கியதால் என்ன கிடைத்தது? இடம் கிடைத்தது. சுவரில் எல்லோருக்கும் பின்னால் இருப்பது ஒரே வெறும் நிலம். ஹோல்பைனில் ஒவ்வொருவருக்கும் அவரவர் உலகம். நீதிபதி பணக்காரனிடம் காசுக்குக் கை நீட்டுகிறார், பக்கத்தில் ஏழை நிற்கிறான். நகரசபை உறுப்பினர் வசதியானவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார், ஏழை கூப்பிடுவது அவர் காதில் விழவில்லை. கர்தினால் பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறார். கன்னியாஸ்திரி ஜெபத்துக்கு முழங்கால் போட்டிருக்கிறார், முகம் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து வீணை மாதிரி ஒரு வாத்தியம் வாசிக்கும் இளைஞன் பக்கம் திரும்பியிருக்கிறது. மருத்துவரிடம் நோயாளியின் சிறுநீர்க் குடுவையைக் கொண்டுவந்து நீட்டுவது எலும்புக்கூடு. பணக்காரர் விஷயத்தில் சாவு அவரைத் தொடவே இல்லை, மேசையிலிருக்கும் காசை அள்ளுகிறது. அவர் அலறுவது அதற்காகத்தான்.

இவை வரையப்பட்ட காலத்தைச் சேர்த்துப் பாருங்கள். 1517க்குப் பிறகு லூதர் கிளப்பிய புயல். 1524, 1525இல் ஜெர்மன் நிலங்களில் பெரிய குடியானவர் எழுச்சி, அதைப் பிரபுக்கள் இரத்தத்தில் அடக்கினார்கள். ஹோல்பைனின் பிரபு படத்தில் சாவு குடியானவன் உடையில் வந்து, அந்தப் பிரபுவின் குலச்சின்னக் கேடயத்தையே ஓங்குகிறது. கதிரடிக்கும் கோல் தரையில் கிடக்கிறது. இதற்கு விளக்கம் தேவையா?

இப்போது முன்னால் சொன்ன முரண்பாட்டுக்கு வருவோம். பாரிஸ் சுவர் 'எல்லோரும் சமம்' என்று சொல்லிக்கொண்டே பதவி வரிசையில் நின்றது. ஹோல்பைனும் அந்த வரிசையை ஓரளவு வைத்திருக்கிறார். ஆனால் அவர் படங்கள் வேறொன்றைச் சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது: சாவு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அது வந்த நேரத்தில் ஆளாளுக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது ஒன்றல்ல. சாவில் சமம் என்பது ஆறுதல். வாழ்க்கையில் சமமில்லை என்பது குற்றச்சாட்டு. நடனத்தை எடுத்துவிட்டு வேலையிடத்தை வரைந்ததும் ஆறுதல் குற்றச்சாட்டாகிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏழையின் குடிசையில் அம்மா அடுப்பில் ஏதோ காய்ச்சிக்கொண்டிருக்க, சாவு சின்னக் குழந்தையின் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது. இதில் யார்மேலும் குற்றமில்லை, கேலியும் இல்லை. உழவன் படம் இன்னும் ஆச்சரியம். வயதான உழவன் ஏர் பிடித்திருக்கிறான். சாவு குதிரைகளின் பக்கத்தில் ஓடி, சாட்டையால் ஓட்டி உதவி செய்கிறது. தூரத்தில் தேவாலயம், மலைக்குப் பின்னால் சூரியன் கதிர் விரிக்கிறது. நாற்பத்தொரு படங்களில் சாவு கூடமாட வேலை செய்யும் இடம் மிக அபூர்வம். ஏதேனிலிருந்து துரத்தப்பட்ட ஆதாம் நிலத்தைக் கொத்தும்போது ஒருமுறை, இங்கே ஒருமுறை. இரண்டுமே மண்ணில் வேலை செய்கிறவர்களின் பக்கத்தில்.

ஆட்டம் போனாலும் வாத்தியம் மட்டும் போகவில்லை. கிழவரைக் குழிக்கு அழைத்துப் போகும்போது சாவு தந்தி வாத்தியம் வாசிக்கிறது. புதுமணத் தம்பதிக்கு முன்னால் கொட்டு அடிக்கிறது. சுமை தூக்கிப் போகும் நடைவியாபாரியின் பின்னாலும் ஒரு பிணம் வாத்தியத்தோடு நிற்கிறது. இசை கேட்கிறது, ஆடத்தான் ஆளில்லை.

செதுக்கியவர்

இவ்வளவு நேரம் ஹோல்பைன், ஹோல்பைன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கட்டையில் கத்தி வைத்தது அவர் இல்லை. அந்தக் காலத்தில் வரைவது ஒருவர், செதுக்குவது வேறொருவர். இந்தக் கட்டைகளைச் செதுக்கியவர் ஹான்ஸ் லூட்செல்பர்கர். ஆறரை சென்டிமீட்டர் படத்துக்குள் நீதிபதி, பணக்காரன், ஏழை, எலும்புக்கூடு, பின்னால் தூண்கள். முகம் விரல்நகத்தைவிடச் சிறியது. அதில் கண்ணும் வாயும், ஏமாற்றமும் பேராசையும் தெரிகின்றன. இது முழுக்கக் கோட்டின் இரண்டு பக்கமும் மரத்தை வெட்டி எடுத்துச் செய்த வேலை என்பதை மறந்துவிடக் கூடாது. மரச்செதுக்கு வரலாற்றில் இதைத் தாண்டிய கைத்திறன் கிடையாது என்று சொல்கிறவர்கள் உண்டு. பெரிதாக்கிப் பார்த்த எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. நிழல் எல்லாம் கோட்டிலேயே வந்துவிடுவதால் மேலே வண்ணம் பூசவும் தேவையில்லை.

லூட்செல்பர்கர் 1526இல் பாசலில் இறந்துபோனார். வரிசை முடியவில்லை. அவர் லியோன் த்ரெக்செல்களுக்குப் பாக்கி வைத்திருந்ததால் கட்டைகள் கடன் கணக்கில் அவர்களிடம் போய்ச் சேர்ந்தன. புத்தகம் வெளிவர மேலும் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. 1538 பதிப்பில் ஹோல்பைனின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் முன்னுரையில் ஒரு விசித்திரம்: இந்த அழகான உருவங்களை நமக்குத் தந்தவர் இறந்துவிட்டார், சில படங்கள் முடியாமலேயே நிற்கின்றன, உடைந்த வண்டியோடு கிடக்கும் வண்டிக்காரனின் படமும் அதில் ஒன்று, அவற்றை முடிக்க வேறு யாருக்கும் துணிவு வரவில்லை என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்கள். 1538இல் ஹோல்பைன் லண்டனில் உயிரோடு நன்றாக இருந்தார். அவர் இறந்தது 1543இல். அப்படியானால் முன்னுரை அழுவது யாருக்காக? செதுக்கியவருக்காக என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் முடிவு. பெயர் சொல்லாமல் எழுதிய இரங்கல் அது.

1499 லியோன் படத்தில் எழுத்துக் கோப்பவரின் கையைப் பிணம் பிடித்ததைப் பார்த்தோம். இருபத்தேழு வருடம் கழித்து, சாவின் நடனத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தவருக்கே அது நடந்தது. வண்டிக்காரன் படம் 1540களில் வந்த பதிப்புகளில் ஒருவழியாக இடம்பெற்றுவிட்டது. வண்டி சாய்ந்து கிடக்க, ஒரு பிணம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது.

பிறகு

சிறிய புத்தகம் என்பதால் வேகமாகப் பரவியது. பல ஊர்களில் காப்பியடித்தார்கள். இளவயதில் இந்தப் படங்களைப் பார்த்து வரைந்து பழகியதாக ஓவியர் ரூபன்ஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். 1651இல் வென்சஸ்லாஸ் ஹோலர் செப்புத் தகட்டில் மறுபடி செய்தார்.

மூன்று நூற்றாண்டு கழித்து அதே வடிவம் எதிர்ப்பக்கத்துக்கும் பயன்பட்டது. 1848இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. அடுத்த வருடம் ஜெர்மன் ஓவியர் ஆல்ஃபிரட் ரெத்தெல் 'இதுவும் ஒரு சாவின் நடனம்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஆறு மரச்செதுக்குகள் வெளியிட்டார். அதில் சாவு ஒரு புரட்சிப் பேச்சாளராக ஊருக்குள் வருகிறது. கூட்டத்துக்கு முன்னால் தராசு பிடித்து, ஒரு தட்டில் ராஜாவின் கிரீடம், இன்னொன்றில் சாதாரணப் புகைக்குழாய், இரண்டும் சமம் பாருங்கள் என்று காட்டுகிறது. உற்றுப் பார்த்தால் தராசை மேலே உள்ள வளையத்தில் பிடிக்காமல் முள்ளைப் பிடித்திருக்கிறது. எதை வைத்தாலும் சமமாகத்தான் நிற்கும். ஜனங்கள் நம்புகிறார்கள், வாளெடுக்கிறார்கள், கடைசிப் படத்தில் பிணங்களின் நடுவே சாவு குதிரையில் வெற்றி உலா போகிறது.

பாரிஸ் சுவரில் ஆறுதலாக இருந்த 'சமம்', ஹோல்பைனிடம் குற்றச்சாட்டானது, ரெத்தெலிடம் மோசடியாகிவிட்டது. மூன்றும் ஒரே எலும்புக்கூடு. அதனால்தான் 'சாவின் முன் அனைவரும் சமம்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட எனக்கு முடிவதில்லை. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், தராசை எங்கே பிடித்திருக்கிறார் என்று பார்க்கத் தோன்றுகிறது.

சுவர்களின் கணக்கையும் சொல்லி முடிக்கிறேன். லண்டன் புனித பவுல் தேவாலயத்தில் பாரிசைப் பார்த்து வரைந்தது 1549இல் இடிக்கப்பட்டது. பாரிஸ் 1669. பாசல் 1805, சில துண்டுகள் மட்டும் அங்குள்ள அருங்காட்சியகத்தில். லூபெக் நகர மரியாள் ஆலயத்தில் பெர்ன்ட் நோட்கே 1463இல் செய்ததன் பிற்காலப் பிரதி 1942 குண்டுவீச்சில் எரிந்தது. கல்லும் சுண்ணாம்பும் நம்பி வரைந்தது போய்விட்டது. காகிதத்தில் மையாக ஒட்டியது நிற்கிறது.

ஹோல்பைன், லூட்செல்பர்கர் படங்களை இன்று பெரிய அருங்காட்சியகங்களின் தளங்களில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்த்தால் கோமாட்டி படத்தைத் தேடுங்கள். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பாள், ஒரு எலும்புக்கூடு போர்வையை இழுக்கும், இன்னொன்று பிடில் வாசிக்கும். கட்டிலின் கால்மாட்டில் கேடயம் மாதிரி ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் எச், எல் என்று இரண்டு எழுத்து. 41 படங்களில் ஹான்ஸ் லூட்செல்பர்கர் தன் பெயருக்காக எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவுதான்.